வழித்துணை நாதரை நம்பிப் புறப்பட்ட வருஷம்

அந்த வருஷத்தை நான் வைகாசி முதல் தேதியிலிருந்துதான் எண்ணுகிறேன். என் தாய்வீடு குடியாத்தம். அன்றைக்கு அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு புறப்பட்டு, தெருத்தெருவாகச் சூறைத்தேங்காயும் மாலையும் வாங்கிக்கொண்டு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து உடலோடு பொருந்தும். பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள், சென்னையில் கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். பொங்கலுக்கு வராதவன்கூட சிரசுக்கு வந்துவிடுவான். உடைந்த தேங்காய்ச் சில்லுகளை மிதித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றபோதுதான் என் கணவர் சொன்னார்: “இந்த வருஷம் காசிக்குப் போயிட்டு வந்துடலாம்.” அம்மன் முன்னால் சொன்ன வார்த்தை. தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் தூரப் பயணம் என்றால் முதலில் விரிஞ்சிபுரம். வேலூரிலிருந்து பெங்களூர் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் பாலாற்றங்கரையில் மார்க்கபந்தீஸ்வரர் கோயில். வழித்துணை நாதர் என்றால்தான் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரத்துக்குப் போன வணிகர் ஒருவர், வழியில் கள்வர் பயத்தால் இங்கே வந்து வேண்டிக்கொண்டாராம். சிவபெருமான் குதிரை வீரனாக வந்து கூடவே போய் அவரைக் காஞ்சியில் சேர்த்தார் என்பது தலபுராணம். சன்னிதியில் லிங்கம் ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். சின்னப் பையனாக வந்த பிரம்மாவுக்கு முடி எட்டவில்லை, அதனால் தலையைச் சாய்த்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். குருக்கள் கற்பூரம் காட்டும்போது அந்தச் சாய்வைப் பார்த்தால், நாம் சொல்வதைக் கேட்கக் குனிந்தவர் போலவே எனக்குத் தோன்றும்.

அங்கே போனால் அவசரப்படாதீர்கள். “விரிஞ்சிபுரம் மதிலழகு” என்ற பேச்சு சும்மா வரவில்லை. உள்ளே ஒரு கல்லில் அரைவட்டமாக எண்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழுகிற இடம் மணி. சிங்க முகம் கொண்ட சிம்மக் குளத்தில், கார்த்திகைக் கடைசி ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் முழுகி, ஈரப் புடவையோடு கோயிலிலேயே படுப்பார்கள். “சம்போ மகாதேவ தேவ” என்று வரும் மார்க்கபந்து தோத்திரத்தைப் பாடிய அப்பைய தீட்சிதரும் நம் பக்கத்துக்காரர்தான். ஆரணிக்கு அருகே அடையபலம் அவர் ஊர். வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர் அவரை ஆதரித்தவர். பயணம் போகிறவர்கள் இந்தத் தோத்திரத்தைச் சொல்லிக்கொண்டு கிளம்புவது இன்றைக்கும் இருக்கிறது. நான் அதை எழுதி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஒரே கவலை அத்தையை, என் மாமியாரை, விட்டுப் போவதுதான். எழுபதைத் தாண்டியாகிவிட்டது, இரண்டு முழங்காலிலும் வலி. அவர்களோ சிரித்துக்கொண்டே, “நீங்க முருகன் மாதிரி உலகத்தைச் சுத்திட்டு வாங்கம்மா. நான் திருவலத்துப் பிள்ளையார் மாதிரி வீட்லயே சுத்தினு இருக்கேன்” என்றார்கள். பிள்ளையார் அம்மையப்பனை வலம் வந்து மாங்கனியை வாங்கிய தலம் திருவலம் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை. நாத்தனார் வந்து துணைக்கு இருப்பதாகச் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி.

காசி யாத்திரை முறைப்படி ராமேஸ்வரத்தில் தொடங்கி ராமேஸ்வரத்தில் முடிய வேண்டும். ஆனியில் போனோம். திருப்பதி - ராமேஸ்வரம் ரயில் காட்பாடி, வேலூர் கண்டோன்மென்ட் வழியாகவே போவது எங்களுக்குப் பெரிய வசதி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது பெட்டியே எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, சேதுக்கரை மணலில் லிங்கம் பிடித்துப் பூஜை செய்து, அந்த மணலை ஒரு துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை அறையில் வைத்தோம். ஐப்பசி வரை தினமும் விளக்கேற்றும்போது அது கண்ணில் படும். போக வேண்டும் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

தீபாவளியை ஒட்டி வடக்கே கிளம்பினோம். பிரயாகையில் மணலைக் கரைப்பதற்கு முன் வேணி தானம். கணவர் மனைவிக்குத் தலைவாரிப் பின்னிப் பூ வைத்து, பின்னல் நுனியில் கொஞ்சம் நறுக்கித் திரிவேணி சங்கமத்தில் விட வேண்டும். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவர் எனக்குத் தலைவாரியது இல்லை. படகு ஆடியது, அவர் விரல் நடுங்கியது, மூன்று கால் எடுப்பதற்குள் பின்னல் அவிழ்ந்து அவிழ்ந்து போனது. பக்கத்துப் படகில் இருந்த தெலுங்குக்கார அம்மா ஜாடையிலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீரில் விட்ட முடி மிதக்காமல் உள்ளே போனதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

காசியில் அன்னபூரணியின் தங்கத் திருமேனி தரிசனம், தீபாவளியை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே. வரிசை நீளம்தான், நின்றது தகும். கேதார் காட் பக்கம் போனால் குமரகுருபரர் தொடங்கிய மடம், தமிழ்ப் பேச்சு, இட்லி என்று சொந்த ஊர் மாதிரியே இருக்கிறது. ஆனால் என்னை உலுக்கியது வேறு. ஒரு நாள் மாலை விசுவநாதர் சந்துக்குள் நெருக்கிக்கொண்டு போகிறோம். பின்னாலிருந்து “சம்போ! சம்போ! மகாதேவா!” என்று குரல். கூட்டம் தானாக ஒதுங்கி வழி விடுகிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூஜைக்குப் பாலும் பூவும் வில்வமும் கொண்டுபோகிறவர்கள்! இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நாள் தவறாமல் நடக்கிற கைங்கரியம். அதற்குப் பேரே சம்போதான். விரிஞ்சிபுரத்தில் சொல்லிவிட்டு வந்த அதே அழைப்பு அந்தச் சந்தில் காதில் விழுந்ததும், நம்மோடு குதிரையில் வருகிறவர் இதோ முன்னால் போகிறார் என்றே நினைத்தேன். பர்ஸில் இருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கங்கை கரை தொட்டு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் பாலாறு ஞாபகம் வந்தது. 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியபோது, வேலூரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. மற்ற காலத்தில் மணல், அதிலும் அள்ளியது போக மிச்சம். கங்கைக்கு மாலையில் ஆரத்தி எடுக்கிற கைகள் எத்தனை! நம் ஆற்றுக்கு ஒரு கையாவது எடுக்க வேண்டாமா? இதை நான் கோபமாகவே எழுதுகிறேன். விரிஞ்சிபுரமும் திருவலமும் இருப்பது இந்த நீரை நம்பி வாழ்ந்தவர்களால்தான். திருவலத்தைத் தொட்டுப்போகும் பொன்னையாறும் வந்து சேர்வது பாலாற்றில்தான்.

திரும்பும் வழியில் ராமேஸ்வரம் போய் கங்கை நீரால் அபிஷேகம் முடித்து, கங்கை நீர் அடைத்த காசிச் சொம்புகளும் கறுப்புக் கயிறுமாக வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் இறங்கினோம். அத்தை வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் போட்ட குழம்பு, அப்பளம், அப்புறம் தூக்கம். மறுநாள் காலையில் அவர்களே கூப்பிட்டார்கள்: “ஒரு சொம்பு எடுத்துக்கோ. கோட்டைக்குப் போலாம்.”

அகழியைத் தாண்டி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் போனால், கல்யாண மண்டபத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பத்தின் முன் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். அத்தை அங்கே நிற்காமல் நேராகச் சன்னிதிக்குப் போனார்கள். அங்கே உட்கார்ந்துதான் 1981ஆம் வருஷத்தைச் சொன்னார்கள். பல நூறு ஆண்டுகளாகக் கோட்டைக் கோயிலில் மூலவர் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் ஆயுதக் கிடங்காகவும் இருந்த இடம். பிறகு தொல்லியல் துறையின் பொறுப்பில் வெறுமையாக நின்றது. லிங்கமோ எங்கள் சத்துவாச்சாரியில் ஜலகண்ட விநாயகர் கோயிலில் இருந்தது. மார்ச் 16ஆம் தேதி, லாரியில் மூடி எடுத்துவந்து கருவறையில் வைத்தார்கள். “இவனை இடுப்புல வச்சினு ஓடியாந்தேன். உள்ள விடுவாங்களான்னு பயம். ஆனா ஊரே நின்னுது. சாமி தன் வீட்டுக்கு வந்ததை நான் பார்த்தேம்மா” என்றார்கள். எத்தனையோ தடவை கும்பிட்ட கோயில். அந்தக் குழந்தை என் கணவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சொம்பை உடைத்து அபிஷேகத்துக்குக் கொடுத்தோம். கோயிலிலேயே கங்கா பாலாறு என்று ஒரு தீர்த்தக் கிணறு உண்டு. அதையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம்.

கார்த்திகை வந்தது. சோளிங்கர் பெரிய மலையில் யோக நரசிம்மர் கண் திறந்து பார்க்கிற மாதம். 1305 படி, அத்தை ஏறிப் பல காலமாகிறது. 2024 மார்ச்சில் ரோப் கார் வந்தது முதலே மனதில் வைத்திருந்தோம். பெட்டிக்குள் உட்கார்ந்து மேலே போகும்போது என் கையைப் பிடித்தவர்கள், கீழே படிகளைப் பார்த்ததும் விட்டுவிட்டு, எந்த மண்டபத்தில் உட்காருவார்கள், எங்கே குரங்கு தேங்காயைப் பிடுங்கிக்கொண்டு போனது என்று கைகாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். திருமங்கையாழ்வார் அக்காரக்கனி என்று பாடிய பெருமாள். அந்தச் சன்னிதியில் அத்தை நின்ற நிலையை நான் காசியில் யாரிடமும் பார்க்கவில்லை. முழங்கால் வலியைப் பற்றிய பேச்சே இல்லை. அந்த வருஷத்தின் பயணங்களில் என் மனதுக்கு மிகப் பெரியது இந்தப் பத்து நிமிஷம்தான். சங்கு சக்கரத்தோடு ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலைக்கு 406 படி. கீழே நின்று அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் திருவலம். லிங்கத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கும் நந்தி அங்கே விசேஷம். காஞ்சனகிரியிலிருந்து அபிஷேகத் தண்ணீர் கொண்டுவந்தவரைத் தடுத்த அசுரனை விரட்டிய நந்தி, இன்னும் அந்தத் திசையையே காவல் பார்ப்பதாக ஐதீகம். பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்திவிட்டு, நாங்கள் மூன்று பேரும் மெதுவாகப் பிராகாரம் சுற்றினோம். வண்டியில் ஏறும்போது அத்தை மகனைக் கேட்டார்கள்: “தம்பி, வள்ளிமலைக்கு எத்தினி படி இருக்கும்? தைப்பூசத்துக்குள்ள டாக்டரைப் பார்த்து முட்டிக்கு ஒரு ஊசி போட்டுனு வந்துடறேன்.”