பால் கணக்கு நோட்டில் பதினேழு தேதிகள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கூகுளில் எங்கள் கம்பெனியின் ரேட்டிங் 2.3. செங்கல்பட்டு மாவட்டத்தில் லேஅவுட் போட்டு மனை விற்கும் நடுத்தரமான நிறுவனம் அது. புதிய லேஅவுட்டுகளுக்கு டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம், ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எல்லாம் முறையாக இருந்தன. ஆனாலும் சைட் பார்க்க வருகிறவர்கள் வண்டியில் ஏறும் முன்பே போனை நீட்டி, “என்ன சார், இப்படிப் போட்டிருக்காங்களே?” என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து வண்டி சொல்லி வைத்தால் இரண்டு வண்டிக்குத்தான் ஆள் சேரும்.

முதலாளி என்னிடம் சொன்னது ஒரே வரி. “அந்த ஒரு ஸ்டார் எல்லாத்தையும் எடுத்துடுப்பா.”

எடுக்க முடியாது. மிரட்டல், ஆபாசம், போலி, சம்பந்தமில்லாதது என்று தன் விதிகளை மீறியதைத்தான் கூகுள் நீக்கும். ‘முழுப்பணமும் கட்டி ஒரு வருஷம் ஆச்சு, பட்டா வரல’ என்பதில் எந்த விதிமீறலும் இல்லை. எனக்கு முன்னால் ஓர் ஏஜென்சி காசு வாங்கிக்கொண்டு போலியாக ஐந்து ஸ்டார் ரிவ்யூக்களை இறக்கியிருந்தது. அதில் ஒருவர் ‘வில்லா சூப்பர், நீச்சல் குளம் அருமை’ என்று எழுதியிருந்தார். நாங்கள் விற்பது வெறும் மனை. அதைப் பார்த்துக் கொதித்துப்போய்ப் புதிதாக ஒரு ஸ்டார் போட்டவர்கள் நான்கு பேர். ஏற்கெனவே ஏமாந்துபோன மாதிரி இருப்பவர் கண்ணில் பொய்ப் புகழ்ச்சி பட்டால், அது வெந்த புண்ணில் வேல்தான்.

மோசமான ரிவ்யூ அறுபத்து மூன்றையும் பிரிண்ட் எடுத்தேன். ரெக்கார்டு ரூமில் இரண்டு நாள் உட்கார்ந்து, யார் எந்த மனை என்று ஃபைலோடு சேர்த்துப் பார்த்தேன். ஏழு பேர் எங்களிடம் வாங்கியவர்களே இல்லை. பெயர் ஒற்றுமையில் வேறு கம்பெனியைத் திட்ட வந்தவர்கள். அவற்றைப் புகார் செய்தோம், சில நீங்கின. மீதி எல்லாம் உண்மை. அதில் பாதிக்கு மேல் பட்டா விவகாரம்.

கிரயப் பத்திரம் பதிவானதும் எல்லாம் முடிந்தது என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். ஆனால் லேஅவுட் முழுக்கப் பழைய சர்வே எண்ணிலேயே கிடக்கும். அதிலிருந்து அவர் மனை தனி உட்பிரிவாகப் பிரிய வேண்டும். சர்வேயர் வந்து கல்லுக்குக் கல் அளக்க வேண்டும், நில அளவை வரைபடமான புலப்படத்தைத் திருத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் தாலுகா ஆபீசில் பட்டா. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். விற்கும்போது எங்கள் பையன்கள் “பட்டா ஒரே மாசத்துல கைக்கு வந்துடும்” என்று சொல்லிவிடுவார்கள். சொன்னவர் கமிஷனை வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். வாடிக்கையாளர் கையில் இருப்பது அந்த விற்பனைப் பையனின் சொந்த நம்பர் மட்டும். அது அடிக்கும், எடுக்க ஆள் இருக்காது. எங்கள் பெயர் கெட்டது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

ஓர் அம்மாவின் வீட்டுக்கு நேரில் போனேன். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பணத்தில் 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு, மகன் பெயரில் வாங்கியிருந்தார். ‘ஒரு ஸ்டார் கூடக் குடுக்க மனசில்ல’ என்று எழுதியது அந்த மகன். நான் எந்தக் கம்பெனி என்று சொன்னதும் அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். பால் கணக்கு நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பென்சிலில் தேதி போட்டு, பக்கத்தில் ‘போன் செய்தேன், எடுக்கவில்லை’. அடுத்த தேதி, ‘எடுக்கவில்லை’. அடுத்தது, ‘மீட்டிங்காம்’. பதினேழு தேதிகள்.

“வாங்கும்போது தினமும் மூணு வாட்டி போன் பண்ணீங்க தம்பி. நான் ஒண்ணும் கோபமா கேக்கல. எதுவரைக்கும் வந்திருக்குன்னு சொன்னா போதும்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மறுநாள் முதலாளியிடம் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “என்ன பண்ணணும் சொல்லு” என்றார்.

பதிவு முடிந்த பிறகு வரும் வேலைக்கு என்றே ஒரு ஆளும் ஒரு நம்பரும் வைத்தோம். அந்த நம்பர் கம்பெனியுடையது. ஆள் மாறினாலும் மாறாது. பட்டா விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாங்களே கூப்பிட்டுச் சொல்வோம். ‘சர்வேயர் இன்னும் வரல’ என்பதுதான் செய்தி என்றாலும் அதையே சொல்வோம். இதைச் செய்ததும் திட்டு விழும் என்று பயந்தோம். நன்றி சொன்னவர்கள்தான் அதிகம்.

பதில் எழுதும் விதத்தையும் மாற்றினேன். ஆரம்பத்தில் ‘உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்’ என்ற ஒரே வாசகத்தை எல்லாருக்கும் ஒட்டியிருந்தேன். அது தவறு. நாற்பது பேருக்கு ஒரே வருத்தம் என்றால் யாருக்கும் வருத்தமில்லை என்றுதான் படிப்பார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, எங்கள் தப்பு எது, எந்தத் தேதிக்குள் என்ன செய்வோம் என்று எழுதினேன். மனை எண், கட்டிய தொகை போன்றவற்றைப் பொதுவில் போடவே இல்லை. அவை அவர்களுடைய சொந்த விஷயம்.

கடினமாக இருந்தது பழைய கணக்கு. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017இல், அப்படிப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. அந்தத் தடைக்கு முன் எங்கள் கம்பெனி விற்ற ஒரு லேஅவுட் அங்கீகாரம் இல்லாதது. வாங்கியவர்களுக்கு மகள் கல்யாணத்துக்குக் கூட விற்க வழியில்லை. “அப்ப எல்லாரும் அப்படித்தான் வித்தாங்க” என்றார் முதலாளி. அது உண்மைதான். ஆனால் அந்த மக்களிடம் அதை எப்படிச் சொல்வது? பல நாள் பேசியபின், வரன்முறைக் கட்டணத்தில் பாதியைக் கம்பெனி ஏற்றது. முழுதாக ஏற்றிருக்க வேண்டும் என்பதே இன்றும் என் எண்ணம்.

விளம்பர நோட்டீசையும் திருத்தினோம். சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையைச் சொல்லி ‘ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து 10 நிமிடம்’ என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு நானே காலை எட்டரை மணிக்கு பைக்கில் போய்ப் பார்த்தேன், இருபத்தாறு நிமிடம் ஆனது. 2016ஆம் வருட ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு, பொய் விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை தருகிறது. அதைச் சொல்லித்தான் சேல்ஸ் டீமைச் சம்மதிக்க வைத்தேன். இப்போது கிலோமீட்டர் மட்டும் போடுகிறோம்.

பதிவன்று ஸ்வீட் பாக்ஸோடு ரிவ்யூ கேட்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பரிசு கொடுத்து ரிவ்யூ வாங்குவதும் கூகுள் விதிப்படி கூடாது. அதைவிட, அன்றைக்கு அவருக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்? பட்டா கைக்குப் போன பிறகு, திருப்தியோ இல்லையோ, எல்லாரிடமும் ஒருமுறை கேட்கிறோம்.

இரண்டரை வருடத்தில் ரேட்டிங் 3.9 ஆனது. அந்த அம்மாவின் மகன் தன் ரிவ்யூவை அழிக்கவில்லை. ஒரு ஸ்டாரை மூன்றாக்கி, கீழே இப்படிச் சேர்த்திருந்தார்: ‘பட்டா வந்தது. ஒன்றரை வருஷம் ஆச்சு. கடைசி எட்டு மாசம் அவங்களே போன் பண்ணாங்க.’

“இன்னொரு தடவை பேசி அதை அஞ்சாக்கச் சொல்லேன்” என்றார் முதலாளி. வேண்டாம் சார் என்றேன். இப்போது யாராவது வண்டியில் ஏறும் முன் போனை நீட்டினால், நான் முதலில் திறந்து காட்டுவது அந்த மூன்று ஸ்டாரைத்தான்.