ஜிப்ஸியின் பின்பக்க ஷாஃப்ட் கோணத்தைச் சரிசெய்த கதை

பொள்ளாச்சி சாலையில் 55 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ஒரு முனகல் கிளம்பும். 60-இல் கியர் லீவர் கையில் நடுங்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் நடுக்கத்தின் தன்மை மாறுமே தவிர, நிற்காது. என் 2004 மாடல் ஜிப்ஸி கிங்கை வாங்கிய நாளிலிருந்து இப்படித்தான். வீல் பேலன்ஸ் செய்தேன், டயரை இடம் மாற்றிப் பார்த்தேன், டிரான்ஸ்ஃபர் கேஸின் (சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) மூன்று ரப்பர் மவுண்ட்டையும் புதிதாகப் போட்டேன். முனகல் அப்படியே இருந்தது.

வண்டி முந்தைய உரிமையாளரிடம் இருந்தபோதே உயர்த்தப்பட்டது. ஜிப்ஸியில் பட்டை ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருக்கும். அதை அச்சுக்கு மேலே ஏற்றி வெல்டிங் செய்திருந்தார்கள். போதாததற்கு முன்னும் பின்னும் கம்பெனி அளவைவிட 3 அங்குலம் நீளமான ஷேக்கிள், அதாவது ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் ஆடும் பட்டை. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின் ஷாஃப்ட்டைக் கழற்றி, முன் ஷாஃப்ட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்தபோது அந்த முனகல் இல்லை. அப்போதே பாதி விடை கிடைத்துவிட்டது. கிராஸை, அதாவது ஷாஃப்ட்டின் முனை மடங்கியபடியே சுழல உதவும் சிலுவை வடிவ ஜாயின்ட்டை, பிரித்தோம். பேரிங் கப்பைச் சுற்றிச் செம்மண் மாதிரி துருப்பொடி, உள்ளே கிரீஸ் சொட்டும் இல்லை. கிராஸின் கால்களை நகத்தால் தடவினால் ஊசி பேரிங் அழுந்திய தடம் கோடு கோடாகத் தட்டுப்பட்டது. நான் வாங்கி எட்டு மாதத்தில் இது இரண்டாவது கிராஸ்.

முதலில் கோணம் எடுத்ததே தப்பு. சேஸிக்கு ஜாக் கொடுத்துத் தூக்கி, அச்சு தொங்கும் நிலையில் அளந்தேன். அச்சு கீழே இறங்கினால் ஷாஃப்ட்டின் சரிவும் கூடும், ஷாஃப்ட்டிலிருந்து சுழற்சியை வாங்கும் பின் அச்சின் பினியன் மூக்கும் திரும்பும். ஒருநாள் முழுக்க அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மண்டையைக் குழப்பிக்கொண்டேன். மறுநாள் சமதளத் தரையில், நான்கு டயரும் தரையில் ஊன்றியிருக்க, டேங்கை நிரப்பி, டிஜிட்டல் ரசமட்டத்தை வைத்து மறுபடி எடுத்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியீட்டின் சரிவு 4 டிகிரி. ஷாஃப்ட்டின் சரிவு 15. பினியனின் சரிவு 12. அதாவது மேல் ஜாயின்ட் 11 டிகிரி மடங்கியிருக்கிறது, கீழ் ஜாயின்ட் வெறும் 3.

லேத் பட்டறைப் பெரியவரிடம் இந்த எண்களைக் காட்டினேன். அவர் ஷாஃப்ட்டைப் பார்க்கக்கூட இல்லை. "தம்பி, மூக்கை நிமிர்த்தி டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வெச்சிருக்காங்க. கண்ணுக்கு அதுதான் சரின்னு படும். ரெண்டு முனையிலும் ஒத்தைக் கிராஸ் இருக்கற ஷாஃப்ட்டுக்கு அது ஆகாதுங்க."

அவர் சொன்னதன் பொருள் இதுதான். மடங்கிய ஒற்றைக் கிராஸ் வழியாகச் சுழற்சி போகும்போது, உள்ளே சீராக வந்தாலும் வெளியே சீராகப் போகாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். 11 டிகிரி மடக்கில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு. மறுமுனைக் கிராஸும் அதே அளவு மடங்கி, டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியீடும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான், மேலே ஏறிய வேகத்தைக் கீழே உள்ளது கழித்துவிடும். என் வண்டியில் 11-ஐ 3 எப்படிக் கழிக்கும்? பினியனை ஷாஃப்ட்டுக்கு நேராகத் தூக்கி வைப்பது டபுள் கார்டன் ஷாஃப்ட்டுக்குப் பொருந்தும். அங்கே மேல் முனையிலேயே இரண்டு கிராஸ் அடுத்தடுத்து இருந்து தங்களுக்குள் கழித்துக்கொள்ளும்.

சரி, பினியனை 4-க்குத் தாழ்த்தினால் இரு பக்கமும் 11 ஆகும். அது போதுமா என்றால் போதாது. ஷாஃப்ட் தயாரிக்கும் ஸ்பைசர் நிறுவனத்தின் அட்டவணைப்படி நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஒரு கிராஸ் தாங்கும் மடக்கு 11.5 டிகிரி, 2,000 சுற்றில் 8.7, 3,000 சுற்றில் 5.8. என் டயர் அளவுக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,650 சுற்று போல ஓடும். அந்தச் சுற்றுக்கு 11 அதிகம். அப்படியானால் உயரத்தையே கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த முடிவுக்கு வர எனக்கு மனசே வரவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸைக் கீழே இறக்கலாமே என்று ஒருவர் சொன்னார். ஜிப்ஸியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் உண்டு. இதை இறக்கினால் அதன் கோணம் கெடும். வேண்டாம் என்று விட்டேன்.

நீள ஷேக்கிள்களை நான்கு பக்கமும் கழற்றிக் கம்பெனி அளவு ஷேக்கிளைப் போட்டோம். வண்டி ஒன்றரை அங்குலம் இறங்கியது. ஷாஃப்ட் 12 டிகிரிக்கு வந்தது. பினியனும் தானாகவே 8-க்குத் தாழ்ந்தது, ஏனென்றால் ஸ்பிரிங்கின் பின்முனையில் இருந்த நீள ஷேக்கிள்தான் அதை 4 டிகிரி நிமிர்த்தி வைத்திருந்தது. மீதிக்கு ஆப்பு. 5 டிகிரி இரும்பு ஆப்பை ஸ்பிரிங்குக்கும் அது உட்காரும் அச்சின் மேடைக்கும் நடுவில், தடித்த பக்கம் முன்னால் இருக்கும்படி வைத்தோம். அலுமினிய ஆப்பு விலை குறைவு, ஆனால் நசுங்கும், வெடிக்கும், அதை வாங்காதீர்கள். ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப, ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டையும் நீளமாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் அதன் தலை மேடையின் குழியில் உட்காராது. பினியன் இப்போது 3-இல் நிற்கிறது. ஒரு டிகிரி வேண்டுமென்றே குறைத்தது. ஏற்றத்தில் மிதிக்கும்போது பட்டை ஸ்பிரிங் முறுக்கி மூக்கு மேலே எழும், அப்போது இணையாகும்.

அன்று மாலை ஓட்டிப் பார்த்தால் நடுக்கம் முன்னைவிட அதிகம்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மறுபடி அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் இடம் தரும் வழுக்கு முனையில் இருக்கும் இரண்டு பஞ்ச் குறிகள் ஒரு பல் தள்ளி நின்றன. மாட்டும் அவசரத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. கிராஸைப் பிடிக்கும் இரு முனைக் காதுகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் எந்தக் கோணமும் உதவாது. கழற்றி, துடைத்து, குறிக்கு நேராகச் செருகினேன். வண்டி இறங்கியதால் வழுக்கு முனை முட்டுகிறதா என்று, பின் அச்சை முழுக்க மேலே தள்ளியும் பார்த்தேன். தாராளமாக இடம் இருந்தது.

இப்போது 70 வரை கியர் லீவர் அசையவில்லை. 80-க்குப் பக்கத்தில் மெல்லிய முனகல் இன்னும் இருக்கிறது. இரு முனையிலும் எட்டு, ஒன்பது டிகிரி மடக்கு இருக்கும்வரை அது இருக்கும், நான் 70-ஐத் தாண்டுவதில்லை. முன் ஷாஃப்ட்டைத் தொடவில்லை. அங்கே பினியனைத் திருப்பினால் காஸ்டரும் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறி ஸ்டீயரிங் அலையும். தவிர தார்ச்சாலையில் முன்சக்கர ஹப்பின் பூட்டைத் திறந்துவிட்டால் அது சுற்றுவதே இல்லை.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் நட்டுகளுக்கு டார்க் ரெஞ்ச் போட்டேன். எட்டு நட்டில் ஆறு நட்டுகள் தலா கால் சுற்று உள்ளே போயின. ஆப்பு வைத்தவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.