உள்ளதைச் சொல்லட்டுங்களா?

"உள்ளதைச் சொல்லட்டுங்களாண்ணா, கார்டு கிடைக்கிற மாதிரி சொல்லட்டுங்களா?" முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு கார்டுக்காக வருமானச் சான்றிதழ் வாங்கப் புறப்பட்டவர்களில் எவரும் அதுவரை என்னிடம் வாய்விட்டுக் கேட்டிராத கேள்வியை அந்தப் பெண் கேட்டார். "உள்ளதையே சொல்லுங்கம்மா" என்றேன். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு மேசையில் உட்கார்ந்திருப்பவன் வேறு எதைச் சொல்ல முடியும் என்று அன்றிலிருந்து என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

கணவருக்கு பவர் டேபிள், அந்தப் பெண்ணுக்கு ஓவர்லாக்; இரண்டும் தையல் மெஷின்கள். காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைத்ததால் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தமில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபின் திருப்பூரில் பலருக்கும் நேர்ந்ததுபோல் அவர்களுக்கும் வேலை நாட்கள் குறைந்தன. அக்டோபரில் கணவருக்கு நெஞ்சுவலி. அந்தப் பெண் காட்டிய நோட்டில் தினமும் தைத்த பீஸ் கணக்கு நீல மையில் இருந்தது. செப்டம்பர் பக்கங்களில் வாரத்துக்கு இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று. ஆனால் சான்றிதழுக்கு வேண்டியது ஆண்டு வருமானம். நல்ல மாதங்களையும் சேர்த்துக் கூட்டியபோது 1,38,000 ரூபாய் வந்தது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022 தொடக்கத்தில் 1,20,000 ஆயிற்று. குடும்பத்துக்கு மாதம் பத்தாயிரம். ஒரு வீட்டில் இருவர் தைத்தாலே தாண்டிவிடும். இத்திட்டத்தால் பிழைத்தவர்களைத் தினமும் பார்க்கும் நான் அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆர்டர் இருந்த மாதங்களின் கூலி, ஆர்டர் இல்லாத மாதத்தில் வந்த நோய்க்குக் குறுக்கே நிற்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அவர் உள்ளதையே சொன்னார்; சான்றிதழும் அப்படியே வந்தது. தாலிக்கொடியை அடகு வைத்து ஸ்டென்ட் வைத்தார்கள். "நீங்க பேசாம இருந்திருந்தா அவங்களே பார்த்துக்கிட்டிருப்பாங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர். பொய் சொல்லச் சொல்வது என் வேலையல்ல என்றேன். இப்போதும் அதில் மாற்றமில்லை. எனினும் கோவை அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றாவது சொல்லியிருக்கலாமே, அது ஏன் அன்று நாவில் வரவில்லை? அவர் நேர்மையாக நடந்தாக வேண்டும் என்பதில் நான் காட்டிய அக்கறை அவருக்காகவா, என் கோப்புக்காகவா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. ஏனென்றால் அதே நாள் மதியம், காரில் வந்திறங்கிய ஒருவர் நீட்டிய, ஆண்டு வருமானம் 60,000 ரூபாய் என்ற சான்றிதழை, முத்திரை சரியாக இருந்ததால், ஒரு வார்த்தையும் கேட்காமல் வாங்கி வைத்தவனும் நான்தான்.