தொட்டி முதலில், மீன் அப்புறம்

பாளையங்கோட்டையில் ஒரு வண்ண மீன் கடையில் வேலை பார்க்கிறேன். முதல் தடவையாக மீன் வளர்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "பழகுறதுக்கு சின்னதா ஒரு தொட்டி தாங்க அண்ணாச்சி. நல்லா வளத்துட்டோம்னா அப்புறம் பெருசு வாங்கிக்கிடுதோம்." சைக்கிள் பழகச் சின்ன வண்டி வாங்குவது மாதிரி நினைத்துக் கேட்கிறார்கள். மீன் விஷயத்தில் சின்னத் தொட்டிதான் கஷ்டமானது. பல வருடம் வளர்த்துக் கைவந்தவர்கள் அதைச் சமாளிப்பார்கள். புதியவர்களுக்குப் பெரிய தொட்டிதான் சுலபம். இதை ஆட்களுக்குப் புரியவைப்பதுதான் என் வேலையில் பாதி.

காரணம் இதுதான். மீன் விடும் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அதில் பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளியே வருகிறது. தின்னாமல் விட்ட தீனி அடியில் அழுகினாலும் அம்மோனியாதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். ஆனால் இந்த பாக்டீரியா கடையில் வாங்கிய புதுத் தொட்டியோடு வருவதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் அடியில் போட்ட கல்லிலும் அது ஒட்டிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடும் அம்மோனியா முழுவதும் தண்ணீரிலேயே கிடக்கும். ஐந்து லிட்டர் பவுலில் கிடந்தால் இரண்டு நாளில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஐம்பது லிட்டரில் அதே அளவு அம்மோனியா பத்தில் ஒரு பங்கு அடர்த்திதான். வளர்ப்பவர் கவனித்து, தண்ணீரை மாற்றிச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

நம் ஊர் வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தொட்டித் தண்ணீர் 32, 33 டிகிரி வரை போவதைப் பார்த்திருக்கிறேன். 20 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. அதே சமயம், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8 உள்ள தண்ணீரில், அம்மோனியாவின் விஷமான பங்கு 20 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் சுமார் இரண்டு மடங்கு. மூச்சுக்குக் காற்று குறைகிறது, விஷம் கூடுகிறது. இத்தனை லிட்டருக்கு இத்தனை மீன் என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த கணக்கை அப்படியே இங்கே போட்டால் ஒத்துவராது. நான் எப்போதும் அதில் மூன்றில் ஒரு பங்கு மீனைக் குறைத்துத்தான் சொல்வேன்.

அளவுக்கு வருகிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர். கல் போட்டு, மேலே இரண்டு அங்குலம் விட்டால் நிற்பது 45 லிட்டர். புதியவர்களுக்கு நான் சொல்லும் மிகச் சிறிய தொட்டி இதுதான். இடமும் பணமும் இருந்தால் இரண்டரை அடி, மூன்றடி இன்னும் நல்லது. மூன்றடிக்கு ஒன்றரை, ஒன்றரை என்றால் 190 லிட்டர் வந்துவிடும். அதற்கு வீட்டு டீப்பாய் தாங்காது, இரும்பு ஸ்டாண்டு வேண்டும். இரண்டடித் தொட்டியே தண்ணீரும் கல்லுமாக 60 கிலோவைத் தாண்டும். அடியில் தெர்மாகோல் ஷீட் போடாமல் வைக்கக் கூடாது. மேசையில் சின்ன மேடுபள்ளம் இருந்தால்கூட அடிக்கண்ணாடி விரிசல் விடும்.

உயரமான, குறுகலான தொட்டி அழகாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. காற்று தண்ணீருக்குள் கலப்பது மேல்பரப்பில்தான். ஒரே லிட்டர் பிடிக்கும் இரண்டு தொட்டிகளில் நீளமானதில் மீன் நிம்மதியாக இருக்கும். ஏஞ்சல் மீன் மட்டும் உயரம் கேட்கும், அதற்கு ஒன்றரை அடியாவது வேண்டும். அது இரண்டாவது தொட்டிக்கான மீன்.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் நிறைய நேரம் பேசுவது கோல்டு ஃபிஷ் பற்றித்தான். வாஸ்து பார்த்து, எட்டு கோல்டு, ஒரு கருப்பு, ஆக ஒன்பது என்று கணக்கோடு வருவார்கள். மீன் அப்போது இரண்டு அங்குலம் இருக்கும், ஒன்றரை அடித் தொட்டியில் ஒன்பதும் தாராளமாக நீந்துகிற மாதிரி தெரியும். ஆனால் அது ஆறு, ஏழு அங்குலம் வளரும், பத்து வருடத்துக்கு மேல் உயிரோடிருக்கும், நாம் விற்கும் சின்ன மீன்களிலேயே அதிகக் கழிவு விடுவதும் அதுதான். குளிர்ந்த தண்ணீரை விரும்பும் மீன் வேறு. முதல் கோல்டு ஃபிஷுக்கு 75 லிட்டர், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்று கணக்கு வைத்தால், ஒன்பதுக்கு 400 லிட்டரை நெருங்கிவிடும். நாலடிக்கு இரண்டடித் தொட்டி, அரை டன் எடை. வாடகை வீட்டு ஹாலில் அதை வைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

வாஸ்துவை நம்பி வருகிறவரிடம் அதைப் பற்றி விவாதம் பண்ண எனக்கு உரிமையில்லை. ஒன்பது என்ற எண்ணிக்கையும் நிறமும்தானே அவர்களுக்கு வேண்டும்? இரண்டரை அடித் தொட்டியில் எட்டுச் சிவப்பு பிளாட்டி, ஒரு கருப்பு மோலி என்று சொல்லிப் பார்ப்பேன். எல்லாம் ஆணாகவே பொறுக்கித் தருவேன், குட்டி போட்டு எண்ணிக்கை கூடாது. பெருமாள்புரத்திலிருந்து வந்த ஒரு அக்கா முதலில் முகத்தைச் சுளித்தார்கள். "கோல்டு ஃபிஷ் மாதிரி வருமா தம்பி?" என்றார்கள். ஓடிக்கொண்டிருந்த பிளாட்டித் தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரி, இதையே போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தொட்டிக்கு இப்போதும் தீனி வாங்க வருகிறார்கள்.

ஃபைட்டர் மீனை ஊறுகாய் பாட்டில் அளவு டப்பாவில் வைத்து விற்கிறோம். அது கடையில் ஒன்றையொன்று கடித்துக் கொல்லாமலிருக்கச் செய்யும் ஏற்பாடு. அதன் வீடு அதுதான் என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே வந்து நேராகக் காற்றை உறிஞ்சும் உறுப்பு அதற்கு இருப்பதால் கெட்ட தண்ணீரில் மற்ற மீனைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். இருபது லிட்டர், ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், தனியாக ஒரே ஆண் மீன். மாணவர்கள், ஒற்றை அறையில் இருப்பவர்கள் என்று இடமே இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்.

இரண்டடித் தொட்டிக்கு எத்தனை மீன்? ஆண் கப்பி ஆறு, அல்லது ஜீப்ரா டேனியோ ஆறு. இரண்டையும் சேர்க்க வேண்டுமென்றால் மூன்றடிக்குப் போங்கள். டேனியோ கூட்டமாக வாழும் மீன், ஒன்று இரண்டு வாங்கினால் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். கப்பியில் பெண் வேண்டாமென்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பெண் கப்பி நாலு வாரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது குட்டி போடும். ஆண் இல்லாவிட்டாலும் உள்ளே சேமித்து வைத்த விந்தணுவைக் கொண்டு மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைகளுக்குக் குட்டியைப் பார்த்தால் கொண்டாட்டம். மூன்று மாதத்தில் தொட்டி கொள்ளாது.

அந்த ஆறையும் முதல் நாளே விடக் கூடாது. முதல் நாள் தொட்டி, ஃபில்டர், கல், தண்ணீர் மட்டும். நோயில்லாமல் நன்றாக ஓடும் எங்கள் தொட்டி ஒன்றிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்றை ஈரத்தோடே கவரில் போட்டுத் தருவேன். அதிலிருக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் இறங்கும். ஒரு நாள் கழித்து மூன்று மீன், இரண்டு மூன்று வாரம் கழித்து மீதி. "என்ன அண்ணாச்சி, யாவாரத்த வேண்டாம்னு சொல்லுதீய" என்று கேட்பார்கள். கூட வந்த பிள்ளை அழுதால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் அதே பிள்ளை மூன்றாம் நாள் செத்த மீனைப் பார்த்து அழுவதை நினைத்தால் மனசு கேட்காது.

தண்ணீரைப் பொறுத்து மீனும் மாறும். பாளையங்கோட்டையில் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். குளோரின் போட்டு வருவதால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தோ, ஆன்டி குளோரின் சொட்டு விட்டோ ஊற்ற வேண்டும். நாங்குநேரி, திசையன்விளை பக்கமிருந்து வருகிறவர்களிடம் போர் தண்ணீரா என்று முதலில் கேட்பேன். உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால் மோலி, கப்பி, பிளாட்டி நன்றாகவே இருக்கும், நியான் டெட்ரா நிற்காது. நல்ல தண்ணீர் என்று கேன் தண்ணீர் ஊற்றுவது பெரிய தப்பு. அதில் தாதுச்சத்தெல்லாம் வடிகட்டப்பட்டிருப்பதால் பி.எச். நிலையாக இருக்காது. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை தொட்டி முழுவதையும் கவிழ்த்து சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கம். கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பட்டு பாக்டீரியா செத்துப்போகும், தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும்.

குறைவாக மீன் விடுவதன் அருமை எனக்கு நன்றாகப் புரிந்தது 2023 டிசம்பர் வெள்ளத்தில். பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, ஏர் பம்ப் ஓடவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறாத வாடிக்கையாளர்களிடம் பிறகு விசாரித்தபோது, தொட்டி நிறைய மீன் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் இழந்திருந்தார்கள். இரண்டடியில் ஐந்தாறு கப்பி வைத்திருந்த வீடுகளில் தீனியை நிறுத்திவிட்டு, குவளையால் தண்ணீரை மோந்து மோந்து ஊற்றியே காப்பாற்றியிருந்தார்கள்.

சில மீன்களை எந்த அளவுத் தொட்டிக்கும் நான் புதியவர்களுக்குத் தருவதில்லை. விரல் நீளத்தில் வெள்ளியாக மின்னும் 'ஷார்க்' என்று விற்கிறார்களே, அது கறிக்கு வளர்க்கும் பங்காசியஸ் கெளுத்தி, ஒரு மீட்டருக்கு மேல் வளரும். 'பிரான்ஹா' என்று பெயர் சொல்லி வருவது பெரும்பாலும் பாக்கு மீன், அதுவும் கிலோக்கணக்கில் பெருக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி வாங்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் போகும், சுத்தம் செய்வதைவிட அதிகமாகக் கழிவு விடும்.

அப்படி வளர்ந்துபோன சக்கரை வாளியில் கொண்டுவந்து, "ஆத்துல விட்டுரலாமா அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. தாமிரபரணியில் மட்டுமே வாழும் கெண்டை இனம் இருக்கிறது, 1954-ல் ஆற்றின் பெயரையே வைத்து அறிவியலில் பதிவானது. அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. எதையும் தின்று, எந்தத் தண்ணீரிலும் பெருகும் வெளிநாட்டு மீன் அந்த ஆற்றுக்கு வேண்டாம். கடைக்கே கொண்டுவாருங்கள். காசு தர முடியாது, ஆனால் பின்கட்டில் சிமெண்ட் தொட்டி இருக்கிறது, அதில் விட்டுக்கொள்கிறோம்.