"24 மணி நேரம் ஆகும்க்கா" என்று சொல்லியே ஒரு வாரம் ஓட்டின கதை

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஏற்றுமதி செய்கிற ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், சர்வர் படுத்தாலும் நான். ஜூன் மாதம் வந்தால் கேட்டுக்கு வெளியே பெங்களூரா ரக மாங்காய் லோடு லாரிகள் வரிசை கட்டி நிற்கும், உள்ளே டாக்குமென்ட் செக்‌ஷனில் பையர்களின் மெயில்கள் வரிசை கட்டி நிற்கும். இந்த லாட்டின் பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு, லேப் ரிப்போர்ட் எங்கே என்றுதான் பாதி மெயில். ஒவ்வொன்றுக்கும் ஷேர்டு ஃபோல்டரில் தேடி எடுத்து டைப் அடித்தே கண்ணு போகுது தம்பி என்று அந்த செக்‌ஷன் அக்கா தினமும் புலம்ப, அவுட்லுக்குக்கு ஒரு ஆட்-இன் எழுதிக் கொடுத்தேன். பதில் எழுதும்போது பட்டனைத் தட்டினால் ஓரமாக ஒரு பேனல் திறக்கும், லாட் நம்பர் போட்டால் விவரம் எல்லாம் டேபிளாக மெயிலில் வந்து உட்காரும்.

எழுத நான்கு நாள் ஆனது. அதை அவர்கள் கம்ப்யூட்டரில் வரவைக்க எட்டு நாள்.

இந்த ஆட்-இன் பழைய மாதிரி செட்டப் ஃபைல் வைத்து இன்ஸ்டால் செய்கிற சமாச்சாரம் இல்லை. நம் சர்வரில் இருக்கும் ஒரு வெப் பேஜ், அவ்வளவுதான். அந்தப் பேஜ் எங்கே இருக்கிறது, பட்டனுக்குப் பெயர் என்ன, ஐகான் எது என்பதை மட்டும் மேனிஃபெஸ்ட் என்ற ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி, மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரில் இன்டகிரேட்டட் ஆப்ஸ் என்ற இடத்தில் ஏற்றி, யார் யாருக்கு என்று ஒதுக்கிவிட வேண்டும். ஏற்றினேன். ஏற்றுமதி குரூப்புக்கு ஒதுக்கினேன். பச்சை டிக் வந்தது. எல்லோருக்கும் தெரிய 24 மணி நேரம் வரை ஆகலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருப்பதால் நானும் அதையே சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு "பட்டன் வந்துருச்சுப்பா, சூப்பர்" என்றார். அக்காவுக்கு வரவில்லை. இன்னும் நேரம் இருக்குக்கா என்றேன். அதற்கு மறுநாளும் வரவில்லை. லாக் அவுட் செய்து பார்த்தேன், அவுட்லுக்கை மூடித் திறந்தேன், லோக்கல் ஆப்டேட்டாவில் ஆஃபீஸ் 16.0 ஃபோல்டருக்குள் வெஃப் என்று ஒன்று இருக்கும், ஆட்-இன் கேஷ், அதாவது அவுட்லுக் சேமித்து வைக்கும் பழைய பிரதி எல்லாம் அங்கேதான், அதையும் காலி செய்தேன். ம்ஹூம். இந்த 24 மணி நேரக் கணக்கு இருக்கிறதே, அதைப்போல ஆளைச் சோம்பேறியாக்கும் விஷயம் வேறில்லை. காத்திருக்க வேண்டியதற்குக் காத்திருக்கிறோமா, தப்பாகச் செய்துவிட்டுக் காத்திருக்கிறோமா என்று வித்தியாசமே தெரியாது.

மூன்றாம் நாள் சும்மா ஒரு சோதனையாக அக்காவின் ஐடியை மட்டும் தனியாகச் சேர்த்தேன். சாயங்காலத்துக்குள் பட்டன் வந்துவிட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. ஏற்றுமதி குரூப்பில் நேரடியாக இருப்பவர்கள் மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும்தான். டாக்குமென்ட் செக்‌ஷன் ஆட்கள் தனி குரூப், அந்தக் குரூப்பைத்தான் போன வருஷம் நான் இதற்குள் தூக்கிப் போட்டு வைத்திருந்தேன். குரூப்புக்குள் குரூப் இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆட்-இன் போய்ச் சேராது. இது டாக்குமென்டேஷனில் தெளிவாகவே இருக்கிறது, நான்தான் பச்சை டிக்கைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்தியிருந்தேன். உள் குரூப்பை வெளியே எடுத்து, அதையே நேராக ஒதுக்கியதும் ஒவ்வொருவருக்காகப் பட்டன் வர ஆரம்பித்தது.

வந்த பட்டனில் படம் இல்லை. வெறும் பொம்மைக் கட்டம் மாதிரி ஒன்று. பிரவுசரில் ஐகான் லிங்கைத் திறந்தால் அழகாகத் தெரிகிறது. ஹெச்டிடிபிஎஸ் சரி, சர்டிஃபிகேட் சரி, அளவு சரி. டெவலப்பர் டூலில் ரெஸ்பான்ஸ் ஹெட்டரை, அதாவது ஃபைலோடு சர்வர் அனுப்பும் குறிப்புகளைப் பார்த்தபோது கேஷ்-கன்ட்ரோல், நோ-ஸ்டோர் என்று ஒரு வரி. டெஸ்ட் செய்யும்போது பழைய ஜாவாஸ்கிரிப்ட் வந்து தொல்லை கொடுக்கிறதே என்று சர்வர் முழுவதற்கும் நானே போட்ட வரி. ஐகானைச் சேமித்து வைக்காதே என்று சர்வர் சொன்னால் ஆஃபீஸ் அதைக் காட்டாமல் விட்டுவிடலாம். படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் அந்த வரியை எடுத்ததும் தீர்ந்தது.

அடுத்து அக்கா பட்டன் பெயரைப் பார்த்துவிட்டு "இங்கிலீஷ்ல எதுக்கு தம்பி, லாட் விவரம்னே போடு" என்றார். நியாயம்தான். மேனிஃபெஸ்டில் பெயரை மாற்றி மறுபடி ஏற்றினேன். மாறவில்லை. பார்த்தால் வெர்ஷன் 1.0.0.0 அப்படியே இருக்கிறது. சர்வரில் இருக்கும் பேஜை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், அடுத்த முறை பேனலைத் திறந்தாலே புதுசு வந்துவிடும். ஆனால் மேனிஃபெஸ்டில் கை வைத்தால் வெர்ஷன் நம்பரையும் கூட்டியாக வேண்டும். கூட்டினேன். இந்த மாதிரி மாற்றம் போய்ச் சேர 72 மணி நேரம் வரை ஆகலாமாம். இந்த முறை நிஜமாகவே காத்திருக்க வேண்டியதுதான். நான் சொன்னதை யாரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக டிஸ்பேட்ச் ரூமில் இரண்டு சிஸ்டம். பட்டன் இருக்கிறது, தட்டினால் பேனல் வெள்ளையாக வருகிறது, எரர்கூட இல்லை. இரண்டுமே விண்டோஸ் 10, வால்யூம் லைசென்ஸில் (கம்பெனிக்கு மொத்தமாக) வாங்கிய ஆஃபீஸ் 2019. அந்த ஆஃபீஸ் ஆட்-இன் பேஜைத் திறப்பது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 எஞ்சினில். சிஸ்டம்32-க்குள் எஃப்12 என்ற ஃபோல்டரில் ஐஇ சூஸர் என்று ஒரு சின்ன புரோகிராம் ஒளிந்திருக்கிறது, அதைத் திறந்து நம் பேனலைத் தேர்ந்தெடுத்தால் எரர்களைக் காட்டும் கன்சோல் தெரியும். சின்டாக்ஸ் எரர், மூன்றாவது வரி. அங்கே நான் ஆசையாக எழுதியிருந்த ஆரோ ஃபங்ஷன், ஐஇ 11-க்குப் புரியாத புது ஜாவாஸ்கிரிப்ட். அதைத் தாண்டினாலும் அடுத்து சர்வரில் இருந்து விவரம் எடுக்கும் ஃபெட்ச் இருக்கிறது, அதுவும் ஐஇ 11-க்குத் தெரியாது. பேபல் என்ற டூலைப் போட்டு பழைய ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி, இல்லாத வசதிக்கு ஈடுகட்டும் பாலிஃபில் சேர்த்து ஓட வைக்கலாம். சீசன் நடுவில் எனக்குப் பொறுமை இல்லை. அந்த இரண்டு சிஸ்டத்திலும் எட்ஜில் வெப் அவுட்லுக்கைத் திறந்து, டாஸ்க்பாரில் பின் செய்து கொடுத்துவிட்டேன், அதில் முதல் தடவையிலேயே ஓடியது.

பட்டன் பெயர் இரண்டாம் நாள் மாறியது. அன்று மதியம் அக்கா என் டேபிளுக்கு வந்து, லாட் நம்பர் போடுகிற கட்டம் ரொம்பச் சின்னதாக இருக்கு, கொஞ்சம் பெரிசு பண்ண முடியுமா, அதுக்கும் மூணு நாளா என்று கேட்டார். அது சர்வரில் இருக்கிற பேஜ். அவர் சீட்டுக்குத் திரும்பிப் போவதற்குள் மாற்றிவிட்டேன்.