73 லேபிள்கள், மூன்று முறை அடுக்கிய ஆல்பம்

ஐந்து மாதமாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒயின் பாட்டில் லேபிள் சேர்த்து வருகிறேன். நான் ஒயின் குடிப்பது வருடத்துக்கு நாலு கிளாஸ் இருந்தால் அதிகம். பாட்டில் எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கியவை. குப்பை வண்டி வரும் நாளில் காலையிலேயே எழுந்துவிடுவேன். இன்றைய கணக்கு 73.

ஆரம்பித்து வைத்தது ஒரு நாற்காலிப் படம். நாற்காலி என்றால் ஒன்று அல்ல, ஏழு. வெள்ளைத் தாளில் வரிசையாக ஏழு பழைய நாற்காலிகள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் கேட்டேன். அவரை டன்னி என்றுதான் கூப்பிடுகிறேன். ஆப்ரிகான்ஸ் பேசும் வீடுகளில் வயதில் மூத்த பெண்களுக்கு அதுதான் மரியாதை, நம் ஊரில் அத்தை என்கிற மாதிரி. லேபிளில் இருந்த பண்ணைப் பெயரை அவர் பிரித்துச் சொன்னார். போக்கன்ஹவுட் என்பது இந்த மண்ணில் வளரும் ஒரு மரம். க்லூஃப் என்றால் மலையிடுக்குப் பள்ளத்தாக்கு. போக்கன்ஹவுட்ஸ்க்லூஃப், அதாவது அந்த மரம் நிற்கும் பள்ளத்தாக்கு. ஃபிரான்ஷூக்கில் 1776-ல் உருவான பண்ணை அது. 18-ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் இந்த ஊர் மரத்தில் கையால் செய்த நாற்காலிகளுக்கு மரியாதையாகத்தான் அந்தப் படம். பண்ணையின் பங்குதாரர்களும் ஏழு பேர். ஆளுக்கொரு நாற்காலி!

சரி, இதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஊறப்போட்டேன்.

முதல் மூன்று வாரத்தில் 12 லேபிள் வீணாயின. எல்லா லேபிளும் பசை தடவி ஒட்டியது என்று நினைத்ததுதான் காரணம். பழைய முறையில் பசை தடவியவை வெந்நீரில் ஒரு மணி நேரம் கிடந்தால் தானே மிதந்து வரும். இப்போது பெரும்பாலும் வருவது ஸ்டிக்கர் வகை. ஒரு நாள் முழுக்க ஊறினாலும் தாள்தான் கூழாகும், பசை அசையாது. வாஷிங் சோடா போட்டுப் பார்த்தேன். பொன் எழுத்தும் வெள்ளி எழுத்தும் அரித்துப் போயின. அந்த மினுமினுப்பு பெரும்பாலும் மெல்லிய அலுமினியப் பூச்சு, சோடாவின் காரம் அதைத் தின்றுவிடும்.

ஸ்டிக்கர் வகைக்குச் சூடுதான் வழி. காலி பாட்டிலுக்குள் கெட்டில் வெந்நீரை ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால் பசை இளகும். ஒரு மூலையைப் பிளேடால் தூக்கிவிட்டு, அப்புறம் கையால் மெதுவாக, தாளைப் பாட்டிலோடு ஒட்டினாற்போல் படுக்கையாக இழுக்க வேண்டும். மேலே தூக்கி இழுத்தால் சுருண்டுவிடும். ஜூலைக் குளிரில் (இங்கே அது குளிர்காலம்) இரவெல்லாம் வெளியே கிடந்த ஒரு பாட்டிலில் நேரடியாக வெந்நீரை ஊற்றியதில், அது அடியோடு விரிசல் விட்டுப் பிளந்துபோனது. நல்லவேளை, அது சிங்குக்குள் நின்றிருந்தது. அதன்பிறகு பாட்டிலை அடுக்களையில் அரை நாள் வைத்து, முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகுதான் கொதிநீர். உரித்ததை, கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் மேல் போட்டு வைக்கிறேன். பசை அதில் பிடிக்காது, எப்போது வேண்டுமானாலும் எடுத்து இடம் மாற்றலாம். இதன் அருமை ஆல்பத்தைக் கலைத்தபோதுதான் தெரிந்தது.

முதலில் ஊர்வாரியாக அடுக்கினேன்: ஸ்டெலன்போஷ், பார்ல், ஸ்வார்ட்லாண்ட், ஹெர்மானஸ். பார்க்க ஒழுங்காக இருந்தது, ஆனால் புரட்டினால் எந்தப் பக்கமும் பக்கத்துப் பக்கத்தோடு பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் படவாரியாகப் பிரித்தேன்.

விலங்குகள் ஒரு குவியல். பார்ல் பக்கம் ஃபேர்வியூ பண்ணையின் ஆடுகள் அதில்தான். பிரான்சின் ரோன் பகுதி ஒயினுக்குக் 'கோட் டு ரோன்' என்று பெயர். இவர்கள் அதே ஓசையில் 'கோட்ஸ் டு ரோம்' என்று வைத்தார்கள், ஆடுகள் சுற்றித் திரியும் என்று அர்த்தம் வருகிற மாதிரி. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் பண்ணையில் உண்மையிலேயே ஆடுகள் உண்டு, அவை ஏறி இறங்கச் சுற்றுப்படி வைத்த ஒரு கோபுரமும் உண்டு. நேரில் போய்ப் பார்த்தேன். ஹெர்மானஸ் பக்கத்து 'சதர்ன் ரைட்' லேபிளில் திமிங்கிலம். மெதுவாக நீந்தும், கொன்றால் மிதக்கும் என்பதால் வேட்டையாட 'ரைட்' ஆனது என்று வேட்டைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் அது. இன்று அந்த ஒயின் விற்ற பணத்தில் ஒரு பங்கு திமிங்கிலப் பாதுகாப்புக்குப் போகிறது.

படமே இல்லாமல் பெயரிலேயே கதை வைத்திருப்பவற்றுக்குத் தனிப் பக்கம். கனோன்காப் என்றால் பீரங்கிக் குன்று. டேபிள் பே துறைக்குக் கப்பல் வந்தால் பீரங்கி வெடித்து உள்நாட்டு விவசாயிகளுக்குச் சொல்வார்களாம், அவர்கள் காய்கனிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். ஸ்வார்ட்லாண்டில் இன்னொரு பண்ணை, ஆலஸ்ஃபெர்லோரன், 'எல்லாம் போயிற்று'. வெளியூர் போய்த் திரும்பிய குடும்பம் வீடு எரிந்து கிடப்பதைப் பார்த்த கதையைச் சொல்கிறார்கள். டன்னி அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

எனக்கு மிகப் பிடித்தது பூக்கள். ஸ்டெலன்போஷின் பொட்டானிகா ஒயின்களில் 'மேரி டெலனி' என்று ஒரு வரிசை உண்டு. பூப்படத்தை முதலில் ஓவியம் என்றே நினைத்தேன். வெட்டி ஒட்டிய தாள்! மேரி டெலனி 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்மணி. 72 வயதில், ஜெரேனியப் பூவிதழ் ஒன்றும் கையில் இருந்த சிவப்புத் தாளும் ஒரே நிறமாக இருப்பதைப் பார்த்துக் கத்தரிக்கத் தொடங்கினார். கறுப்புத் தாள் மேல் இதழ் இதழாக, நரம்பு நரம்பாக ஒட்டி, பத்தாண்டுகளில் ஆயிரத்துக்குச் சற்றே குறைவான பூக்கள். கண்பார்வை மங்கிய பிறகுதான் நிறுத்தினார். அவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்த லேபிளை உரிக்க எனக்கு 40 நிமிடம் ஆனது. ஒரு இழைகூடக் கிழியவில்லை.

மிச்சம் இருந்த பெரிய குவியல் வீடுகள். வெள்ளைச் சுவர், கூரைக்கு மேல் சுருண்டு எழும் முகப்பு, பின்னால் மலை. கேப் டச்சு வீடு என்பார்கள். 1756 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் மீர்லஸ்டின் வீடு அதில் ஒன்று. ஸ்பியர் பண்ணை தன் 21 முகப்புகளையே ஒரு ஒயினுக்குப் பெயராக வைத்திருக்கிறது. அழகான கோட்டோவியங்கள். பத்துப் பதினைந்தைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்தியது. எந்த வீட்டின் முன்னும் ஆள் இல்லை.

இந்த ஊரில் முதல் திராட்சை பிழிந்தது 1659 பிப்ரவரி 2. அடிமை முறையைச் சட்டத்தில் ஒழித்தது 1834. அதற்குப் பிறகும் 'பயிற்சி' என்ற பெயரில் இன்னும் நாலு வருடம் பிடித்து வைத்தார்கள். கொடி நட்டதும் சுவர் எழுப்பியதும் பெருமளவு அந்தக் கைகள்தான். கேப் டவுன் நடுவில் 1679-ல் கட்டிய அடிமைகள் விடுதி இன்று அருங்காட்சியகம். ஒரு சனிக்கிழமை போனேன். கொண்டுவரப்பட்டவர்களுக்குப் பெயரின் பின்பாதியாக அவர்கள் வந்த இடத்தையே வைத்தார்கள்: வான் பெங்காலன், வான் மலபார், வான் கொரமண்டல். கொரமண்டல் என்பது நம் சோழமண்டலக் கரை. அந்தச் சொல்லைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இந்த வெள்ளை முகப்புகளுக்குச் சுண்ணாம்பு குழைத்தவர்களில் தமிழில் முனகியவர்களும் இருந்திருப்பார்கள் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து ஆல்பத்தை மறுபடி கலைத்து மூன்றாம் முறையாக அடுக்கினேன். வீடுகளை இடது பக்கம் வைத்தேன். வலது பக்கத்துக்கு மனிதர்களின் பெயர் உள்ளவற்றைத் தேடினேன். பழைய பண்ணைகளில் உரிமையாளர் பெயர்கள் நிறையக் கிடைக்கும். நான் தேடியது அந்தப் படங்களில் இல்லாத மனிதர்களின் பெயர். மூன்று வாரத்தில் இரண்டு கிடைத்தன.

ஒன்று அஸ்லினா. குவாசுலு-நடால் மாகாணத்து ஒரு கிராமத்தில் பாட்டி வளர்த்த பெண் ந்ட்சிகி பியேலா. உதவித்தொகையில் ஸ்டெலன்போஷ் வந்து ஒயின் தயாரிப்பு படித்தார். 2004-ல் ஒரு பண்ணையில் பொறுப்பேற்று நாட்டின் முதல் கறுப்பினப் பெண் ஒயின் தயாரிப்பாளர் ஆனார். பிறகு சொந்த ஒயினுக்குப் பாட்டியின் பெயரையே வைத்தார். அதில் ஒரு கலவைக்கு 'உம்சசானே' என்று பெயர். ஜூலு மொழியில் குடை போல் விரிந்த வேலமரம் அது, பாட்டியின் செல்லப்பெயரும் அதுவே. இன்னொன்று செவன் சிஸ்டர்ஸ். பாட்டர்னோஸ்டர் என்ற மீன்பிடி ஊரிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டுத் திசைக்கொருவராகச் சிதறிய ஏழு அக்கா தங்கைகளின் பெயரில் தனித்தனி ஒயின்கள். விவியன் கிளெய்ன்ஹான்ஸ் தொடங்கியது.

இன்றைய நிலவரம்: அஸ்லினா சுத்தமாக வந்துவிட்டது, மீர்லஸ்டுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்திருக்கிறேன். சகோதரிகளில் மூன்று பேர் கிடைத்தார்கள், நாலு பேர் பாக்கி. டன்னி தன் தேவாலயத் தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு பாட்டில் இப்போது அடுக்களையில் சூடேறக் காத்திருக்கிறது, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கெட்டிலை வைக்க வேண்டும்.