துண்டின் அளவில்தான் எல்லாம்: மின்கலத்தை எக்ஸ்ரேயில் பார்த்த அனுபவம்

பலமுறை மின்னேற்றிப் பழசாக்கிய லித்தியம் அயான் மின்கலங்களின் நேர்மின்வாயில் விரிசல் எப்படிப் பரவுகிறது என்பதை எக்ஸ்ரே சிடி (பொருளைச் சுழற்றிப் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாணப் படமாக்கும்) கருவியில் பார்ப்பது, சிங்கப்பூரில் என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் பயிற்சியும் ஒழுங்காக முடிந்துவிடும். எவ்வளவு பெரிய துண்டைக் கருவிக்குள் வைப்பது என்பதுதான் உண்மையான தலைவலி.

உணர்கருவியின் அகலத்தில் 2,000 படப்புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால், 18 மி.மீ. விட்டமுள்ள, 18650 எனப்படும் உருளை மின்கலத்தை முழுதாகப் பார்க்கும்போது ஒரு புள்ளிக்கு 9 மைக்ரோமீட்டர் விழும். உள்ளே சுருட்டி வைத்த மின்வாய்த் தகடுகளின் நெளிவைக் காண அது போதும். ஆனால் நேர்மின்வாயிலுள்ள நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த ஆக்சைடுத் துகள் ஒன்றே ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும் என்பதால், அதனுள் ஓடும் விரிசலுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டு வேண்டும்.

அவ்வாறு வெட்ட, மின்கலத்தை முழுதும் மின்னிறக்கி, ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் திறந்தோம். மின்பகுளியிலுள்ள உப்பு ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடை வெளிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம்; அதனால் துண்டை டேப்பால் மூடித்தான் வெளியே எடுப்போம். "தம்பி, டேப்போட ஓரத்த இன்னொரு தடவ அழுத்திப் பாருங்க," என்று ஆய்வக அண்ணன் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். துண்டை ஊசிமுனையில் ஒட்டும் பசை முழுதாக இறுகியிருக்கவும் வேண்டும்; பல மணி நேரம் சுழலும் துண்டு ஒரு மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே படம் மங்கிவிடும்.

லித்தியத்தை நேரில் பார்க்கலாம் என்று நம்பி வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். அணு எண் 3 மட்டுமே உள்ள அது எக்ஸ்ரேயை ஏறக்குறைய தடுக்காததால், படத்தில் வெற்றிடம் போலவே கறுத்துத் தெரியும். எதிர்மின்வாயின் செப்புத் தகடோ நேர்மாறு: கதிரை விழுங்கி, அருகிலுள்ள கிராஃபைட்டையும் மறைத்துவிடும். கிராஃபைட்டைப் பார்க்க வலுவான, அலைகள் ஒத்திசைந்த எக்ஸ்ரே கற்றை தேவை. எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் சுழற்றி அத்தகைய கற்றையைத் தரும் கருவிதான் சின்க்ரோட்ரான்; கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் சின்க்ரோட்ரான் 700 மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவிலான சிறியது. ஆற்றல் மிகுந்த கடின எக்ஸ்ரேக்குப் பிரான்சின் கிரனோபிள், ஜப்பானின் ஸ்பிரிங்-8 போன்ற பெரிய நிலையங்களில்தான் நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

பிறகு கணினி வேலை. விரிசல் இரண்டு படப்புள்ளிகளின் அகலத்தைவிட மெல்லியதாக இருந்தால் அது கறுப்பாக அல்லாமல் சாம்பல் நிறமாகவே பதிவாகும். எந்தச் சாம்பலை விரிசலாகக் கொள்வது என்ற எல்லையைச் சற்று நகர்த்தினாலே விரிசலின் கன அளவு மாறிவிடுகிறது. அதனால் ஒற்றை எண்ணை மட்டும் தரும் கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. என் அட்டவணையில் தாழ்ந்த எல்லைக்கும் உயர்ந்த எல்லைக்கும் வரும் அளவுகளை அருகருகே தருகிறேன்.